மாணவி தன் கையால் எழுத வேண்டிய வரி

ராஜபாளையம்,
ஜூன் 29, ஞாயிறு.

அன்பு மகள் இவாஞ்சலினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அப்பா, ஜூடி, நான் மூவரும் சுகம். முழங்கால் வலியைச் சுகக்கேட்டில் சேர்க்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருப்பதால் சேர்க்கவில்லை. அங்கே வெளிநாட்டில் நீ எப்படியிருக்கிறாய் என்பதை நீ எழுதித்தான் நான் அறிய வேண்டும், வாட்ஸ்அப்பில் நீ போடுகிற கட்டைவிரல் படத்தை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே சாரல் பிடித்துவிட்டது. அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று போன ஞாயிறு சபை முடிந்ததும் பாதி வாலிபர் சங்கம் அங்கே போய்விட்டது. சப்பட்டை மாம்பழம் இந்த வாரத்தோடு சரி என்கிறார்கள். அப்பா மில்லில் இருந்து வரும்போது தினம் இரண்டு வாங்கி வந்து, இவாவுக்கு ஒன்று என்று சொல்லி அதையும் அவரே சாப்பிடுகிறார்.

இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், பிறகு ஆஸ்பத்திரியில் டூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நீ வைத்துவிடுவாய். கடைசியாக மே மாதம் அப்படித்தான் ஆயிற்று. அன்று நீ சொன்னது இரண்டு. முதலாவது, "ஜூடி ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கட்டும்மா, அதுக்குப் பொறவு லாவுக்கும் போகலாம், எதுக்கும் போகலாம், ஆர்ட்ஸ்ல போய்ட்டா திரும்பி வர ஏலாது." இரண்டாவது, நான் ஜூடியின் விருப்பம் என்று தொடங்கியதும், "அவகிட்ட எத்தன தடவ விருப்பம் கேக்கீங்க, எங்கிட்ட ஒரு தடவ கேட்டீங்களா?" அதோடு வைத்துவிட்டாய். ஐந்து வாரம் ஆகிறது. இந்தக் கடிதம் இரண்டுக்கும் பதில். ஜூடி எந்தக் குரூப் எடுக்கலாம் என்று உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை, அது முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

மதிப்பெண் உனக்குத் தெரியும், ஆனால் பிரித்துச் சொல்லவில்லை. தமிழ் 96, ஆங்கிலம் 98, கணக்கு 97, அறிவியல் 92, சமூக அறிவியல் 98, மொத்தம் 481. ரிசல்ட் வந்த மறுநாளே அவளுடைய தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். ஃபர்ஸ்ட் குரூப்பான பயோ மேக்ஸில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருப்பதாகவும், இரண்டு வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். இவள் லா படிக்க ஆசைப்படுகிறாள், வரலாறு, அரசியல் அறிவியல் உள்ள குரூப் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜூடியைப் பார்த்தார். "எங்க ஸ்கூல்ல அந்தக் குரூப்பே கெடையாதும்மா. காமர்ஸ் வரைக்கும்தான். அதுவும் முந்நூத்தம்பதுக்குக் கீழ எடுத்த பிள்ளைகளுக்கு. நானூத்தி எம்பத்தொண்ண எடுத்துட்டு வந்து ஆர்ட்ஸ் கேக்கியே, பட்டுச்சேல எடுத்துட்டு வந்து கரித்துணியாக்கவான்னு கேக்க மாதிரி இருக்கு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் நினைப்பதைத்தான் சொன்னார். வெளியே வந்ததும் ஜூடி, "அம்மா, நான் பட்டுச்சேலயாம், கேட்டீங்கள்ல, இனிமே என்ன பாத்திரம் தேய்க்கச் சொல்லக் கூடாது" என்றாள்.

அவளுக்கு இந்த எண்ணம் எப்போது வந்தது என்று நீ கேட்டதில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டிவி பார்த்து வந்தது என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், இருபத்தேழு வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் உட்கார்ந்து, கூண்டில் நிற்கிறவர்கள் சொல்வதை டைப் அடிக்கிறேன். சாட்சி சொல்லி முடித்ததும், அவர் சொன்னதாக அடித்ததை அவருக்கே படித்துக் காட்டுவோம். அவர் கேட்டு, சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் அது சாட்சியம். பெரும்பாலானவர்கள் காதில் வாங்காமலே தலையாட்டுவார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற நினைப்பில் இருப்பார்கள். போன வருஷம் காலாண்டு விடுமுறையில் வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று ஜூடி என்னோடு வந்து ஒரு நாள் முழுக்கப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்று தேவதானம் பக்கத்துச் சம்சாரி ஒருவர் சாட்சி. உண்மைப் பெயர் வேண்டாம், வேல்சாமி என்று வைத்துக்கொள். தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை வழக்கு. பாதை எவ்வளவு அகலம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், எட்டடி என்றார், அடித்தேன். எல்லாம் முடிந்து படித்துக் காட்டும்போது எட்டடி என்ற இடத்தில் அவர் கையைத் தூக்கினார். "அய்யா, அத எழுதிட்டியளா? நான் அளக்கலய்யா. அளந்தவன் சொன்னான், நான் சொல்லிட்டேன். எனக்குத் தெரிஞ்சது, எங்கய்யா காலத்துல எதிரெதிர வண்டி வந்தா ஒண்ணு நிக்கணும், அம்புட்டுதான்" என்றார். நீதிபதி அதை அப்படியே பதியச் சொன்னார். அவருடைய மகன் கதவோரம் நின்று முறைத்தான், ஏனென்றால் எட்டடி என்பது அவர்களுக்குத்தான் சாதகம். பெரியவர் அவனைப் பார்க்கவே இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜூடி பஞ்சு மார்க்கெட் வரும் வரை பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் எனக்குப் பயம், வாந்தி வருகிறதோ என்று பையைத் தேடினேன். இறங்கும்போது கேட்டாள், "அம்மா, அந்தத் தாத்தா வாயில எட்டடிய வச்சது யாரு?" எனக்குத் தெரியாது என்றேன். "அத யாராவது கேட்டாங்களா?" கேட்கவில்லை என்றேன். "நான் கேப்பேன்" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு பிரசங்கமும் இல்லை. நானும் நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று இருந்தேன். மறக்கவில்லை. அரைப்பரீட்சை லீவில் மறுபடி வந்தாள்.

ஆசை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றும் முடிவு செய்யவில்லை, விசாரித்தேன். அனுசியா வக்கீலை உனக்கு நினைவிருக்கும், தேவதானத்துக்காரி, உன்னை வழியனுப்பும்போது பால்கோவா டப்பா கொண்டுவந்து கொடுத்து, விமானத்தில் விடுவார்களா என்று நீ பயந்தாயே, அவள்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். லா படிக்க பிளஸ் டூவில் இன்ன குரூப்தான் வேண்டும் என்று கிடையாது, எந்தக் குரூப் படித்தாலும் ஐந்து வருஷப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், நம் மாநிலச் சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம். வெளிமாநிலத்துத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் கிளாட் என்று தனியாக நுழைவுத் தேர்வு, அதில் ஆங்கிலம், நாட்டு நடப்பு, தர்க்கம், கொஞ்சம் பத்தாம் வகுப்புக் கணக்கு. இரண்டும் தவறினால் ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு மூன்று வருஷம் படிக்கலாம். அப்படியானால் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தாலும் நஷ்டமில்லையே என்று உன் கேள்வியை உன் சார்பில் கேட்டேன். அவள் சிரித்தாள். "யக்கா, நானே பயோ மேக்ஸ்தான். பதினாலு வருசத் தொழில்ல பிசிக்ஸ் எனக்கு ஒரே ஒரு நாள் ஒதவுச்சு, பஸ்ஸு பிரேக் அடிச்ச தடத்தப் பத்திக் குறுக்கு விசாரணை பண்ணுன அன்னைக்கு. அந்தக் கேசுல எதிர் வக்கீலு ஹிஸ்டரி படிச்சவரு. அவருதான் ஜெயிச்சாரு" என்றாள்.

பிறகு விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னாள். கணக்குப்பதிவியல் படித்தால் பாகப்பிரிவினை, செக் வழக்குகளில் கணக்குத்தாளைக் கண்டு பயப்பட வேண்டாம், அரசியல் அறிவியல் படித்தால் அரசியலமைப்புச் சட்டம் முதல் வருஷத்தில் புதிதாக இருக்காது, இரண்டும் நல்லதுதான், ஆனால் எது படித்தாலும் ஒரு கட்டுக் காகிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற பொறுமை வேண்டும், ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்ந்தால் இரண்டு வருஷமும் டெஸ்ட் எழுதவும் டியூஷன் போகவுமே சரியாக இருக்கும், வேறு எதையும் படிக்க நேரம் இராது என்றாள். இன்னொன்றும் சொன்னாள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "மொத அஞ்சு வருசம் சீனியர் ஆபீசுல வாய்தா தேதி குறிச்சுக்கிட்டே காத்துக் கெடக்கணும்க்கா. நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைன்னா இன்னும் ரெண்டு வருசம் கூட. அத இப்பவே அவகிட்டச் சொல்லிருங்க." சொன்னேன். ஜூடி யோசித்துவிட்டு, "அக்கா அந்த ஊர் பாஷையும் குளிரும் பழகுற வரைக்கும் எத்தன மாசம் அழுதா, அவ திரும்பி வந்துட்டாளா?" என்று கேட்டாள். நீ அழுதது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது தெரியாமல் போனதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் ஆவணத்தைப் பார்க்காமல் யாரும் வாதம் செய்யக் கூடாது. அதனால் பதினோராம் வகுப்புப் புத்தகங்களை எல்லாம் போனில் இறக்கிக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பாடம் படி, ஒரு வாரம் கழித்துப் பேசலாம் என்றேன். இயற்பியல் இரண்டு பாடத்துக்கு நாலு நாள் எடுத்தாள், படித்தது புரிந்தது, கணக்கும் போட்டுக் காட்டினாள். அவள் கணக்குக்குப் பயந்து ஓடுகிறாள் என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கணக்குப்பதிவியலை ஒரு நாளில் முடித்துவிட்டு, "இது நம்ம அப்பா டைரி மாதிரி இருக்கு" என்றாள். அரசியல் அறிவியலில் இரண்டு பாடம் என்று சொன்னதை மறந்து ஐந்தாவது பாடத்தில் இருந்தாள். அதோடு விடவில்லை, ஓரிடத்தில் சொன்னதும் இன்னோரிடத்தில் சொன்னதும் ஒத்துவரவில்லை என்று என்னையும் அப்பாவையும் சாப்பிடவிடாமல் கேள்வி கேட்டாள். எந்தப் புத்தகம் அவளைச் சண்டை போட வைத்ததோ அதுதான் அவள் புத்தகம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் குரூப் நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினால், ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் போகிற வழியில் ஒரு பெண்கள் பள்ளியில் இருக்கிறது. வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், புவியியல். ஆனால் தமிழ் வழி மட்டும். இங்கேதான் எனக்கே கால் நின்றது. பத்து வருஷம் ஆங்கில வழியில் படித்த பிள்ளை, நாளைக்குச் சட்டக் கல்லூரிப் புத்தகமும் ஹைகோர்ட்டும் ஆங்கிலம். அனுசியாவிடம் மறுபடி போனேன். "நம்ம கோர்ட்டுல வாரவங்க தமிழ்லதான அழுவாங்க, அத ஒழுங்காக் கேக்கத் தெரியணும்லக்கா. இங்கிலீசு தெனம் ஒரு மணி நேரம் படிச்சா வந்துரும், விட்டாப் போயிரும்" என்றாள். நான் இதற்கு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன், அதில் உனக்கு வேலை உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

அப்பாதான் அசையவில்லை. பழைய பள்ளியில் டி.சி. கேட்கும் கடிதத்தை நான் டைப் செய்து கொடுத்தேன், பெற்றோர் கையெழுத்து என்ற இடம் மட்டும் பாக்கி. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் மில்லுக்குப் போய் வந்தார். "ஏட்டி பரிபூரணம், ஊர்ல எல்லாவனும் மார்க் எடுக்காத பிள்ளைய ஆர்ட்ஸ்ல சேக்கான். நீ எடுத்த பிள்ளையச் சேக்கணுங்கே. நாளைக்கு எவனாவது உம்மவ ஃபெயிலான்னு கேட்டா நான் மார்க் சீட்ட நெத்தியில ஒட்டிக்கிட்டா திரிய முடியும்?" என்றார். ஜூடியிடம் திரும்பி, "வாய் நீளம்னா வக்கீலாகிர முடியுமா?" என்று கேட்டார். அவள், "வாய் நீளமா இருக்கவங்கதான்ப்பா அங்க தோக்காங்க, நான் பின்பெஞ்சுல உக்காந்து பாத்துட்டேன்" என்றாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முற்றத்துக்கு எழுந்து போனார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அவரைக் குறை சொல்லாதே. உன் படிப்பும் உன் வேலையும் அவருக்கு முன்னால் நிற்கிறது. அது நன்றாக வந்தது, அதே வழியில் இதையும் அனுப்பினால் என்ன என்பதுதான் அவர் நியாயம்.

இனி எழுதப்போவதை நான் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். தலைமை ஆசிரியை சொன்ன கெடுவுக்கு ஒரு நாள் முன்பு சாயங்காலம், ஜாதிச் சான்றிதழ் எடுக்க பீரோவில் இருந்த பிளாஸ்டிக் கவரை எல்லாம் அப்பா கீழே எடுத்துவைத்தார். அதில் உன் பிளஸ் ஒன் விண்ணப்பத்தின் ஜெராக்ஸ் இருந்தது, பத்து வருஷத்துக்கு முந்தையது, உன் இரட்டைச் சடைப் படத்தோடு. ஜூடி அதை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. மாணவியின் விருப்பப் பிரிவும் காரணமும், மாணவி தன் கையால் எழுத வேண்டும். அதன் கீழே, முதல் குரூப், மருத்துவராகி ஏழைகளுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்று இருந்தது. அப்பா, பாத்தியா, இவா அப்பவே எப்படித் தெளிவா எழுதியிருக்கா என்று ஜூடிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத் தொடங்கினார். ஜூடி தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "இது அக்கா எழுத்து இல்லப்பா. அக்கா எழுதுனா வரி மேல ஏறிக்கிட்டே போகும். இது கோடு போட்ட மாதிரி போகுது. இது அம்மா எழுத்து, சாய்ச்சு எழுதுன அம்மா எழுத்து."

உண்மை. அந்த வாரம் நீ தேவதானம் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தாய். விண்ணப்பத்துக்கு அன்று கடைசி நாள். கோர்ட்டில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து நான் நிரப்பினேன். அந்த வரி வந்ததும் சபைக்குப் போன் செய்து உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம், பள்ளிக்குப் போய் ஒரு நாள் தவணை கேட்டிருக்கலாம். செய்யவில்லை. உன் எழுத்து மாதிரி இருக்க வேண்டும் என்று ரஃப் தாளில் இரண்டு தடவை சாய்த்து எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதினேன். இதற்குக் கோர்ட்டில் வேறு பெயர் உண்டு, எனக்குத் தெரியும். ஒரு சாட்சி சொல்லாத சொல்லை இருபத்தேழு வருஷத்தில் நான் அடித்ததில்லை என்று பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உன் வாயில் நான் வைத்த அந்த வரியை உனக்குப் படித்துக்கூடக் காட்டவில்லை. நீ ஊரில் இருந்து வந்ததும் சீட் கிடைத்துவிட்டது என்று சொன்னேன், சரிம்மா என்றாய், உன் தலையாட்டலை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

நீட் வந்த அந்த முதல் வருஷம் உனக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் நர்சிங் போனாய். அதைப் பற்றியும் நாம் மூவருமே உட்கார்ந்து பேசவில்லை, நடப்பது நடக்கட்டும் என்று நடந்தது. நீ நல்ல நர்ஸ். உன் வார்டில் ஒரு ஐரிஷ் தாத்தா உன்னைத் தவிர யாரிடமும் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்றாராமே, அதை அப்பா மில் கேட்டில் எத்தனை பேரிடம் சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் நீ நன்றாக இருப்பதால் நான் செய்தது சரியாகிவிடாது. தீர்ப்பு நல்லபடியாக வந்துவிட்டது என்பதற்காகப் பொய்ச்சாட்சி மெய்யாகாது. எங்கிட்ட ஒரு தடவை கேட்டீங்களா என்று நீ கேட்டதற்கு என் பதில், கேட்கவில்லை. வேலை இருந்தது, நாள் இல்லை, உன் நல்லதுக்கு என்று நான் இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்களை இங்கே எழுதவில்லை.

அன்று ஜூடி சொல்லி முடித்ததும் அப்பா என்னைப் பார்த்து, "நீயா எழுதுன?" என்றார். ஆமாம் என்றேன். சட்டைப் பையில் இருந்து டி.சி. கடிதத்தை எடுத்தார், மூன்று நாள் வேர்வையில் மடிப்பு கிழியப் பார்த்தது, ஃப்ரிட்ஜ் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இதயாச்சும் அவ எழுதட்டும்" என்று சொல்லி, பேனாவை ஜூடியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மறு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்குப் போனோம், அப்பாவும் லீவு போட்டு வந்தார். அட்மிஷன் மேசையில் சுயம்புலிங்கம் என்று ஒரு ஆசிரியர், அரசியல் அறிவியல் நடத்துகிறவர் அவர்தான். மார்க் சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "வழி கேட்டு வந்தீங்களாம்மா, இல்ல வழி மாறி வந்தீங்களா?" என்றார். ஜூடி, "விசாரிச்சுட்டுத்தான் சார் வந்தோம்" என்றாள். அந்தப் பள்ளி விண்ணப்பத்திலும் விருப்பப் பாடத்துக்கு ஒரு இடம் இருந்தது. நான் என் பேனாவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, மேசையை விட்டு நாலடி தள்ளிப்போய் நின்றேன். அவள் நிறைய நேரம் எடுத்தாள், வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் அதை வாங்கி, கோர்ட்டில் படிக்கிற மாதிரி அவளுக்கே படித்துக் காட்டினேன். யார் எதை யார் வாயில் வைத்தார்கள் என்று கேட்கத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன், அதற்கு இந்தப் பாடங்கள் வேண்டும், இதிலிருந்து மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போக முடியாது என்று என் அக்கா சொல்லியிருக்கிறாள், தெரிந்துதான் எடுக்கிறேன் என்று எழுதியிருந்தாள். சரியா என்று கேட்டேன். சரி என்றாள். கையெழுத்துப் போட்டாள். நீ சொன்னதைக் கேட்கவில்லை என்று நினைக்காதே, அது அந்தத் தாளில் பதிந்திருக்கிறது.

இப்போது தினமும் எட்டு மணி பஸ்ஸில் இருவரும் சேர்ந்து போகிறோம். போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும் என்று அந்த சீட்டுக்காக என்னோடு சண்டை. வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். முதல் வாரம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம், இவள் எதற்கு இங்கே வந்தாள் என்று. இப்போது இரண்டு பேர் டிபன் டப்பாவை மாற்றிக்கொள்கிற அளவுக்கு வந்திருக்கிறது. பாதியில் முடியவில்லை என்று அவள் சொன்னால் என்ன செய்வாய் என்று நீ கேட்பாய். அவள் சொன்னால் கேட்பேன், ஆனால் ஊர் சொன்னால் கேட்க மாட்டேன். டியூஷன் மாஸ்டர் சோலைராஜ் நம் வீட்டுக்கே வந்து இன்னும் பத்து நாளில் குரூப் மாற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

உனக்கு வைத்த வேலை இதுதான். ஹைகோர்ட்டுத் தீர்ப்புகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஞாயிறுதோறும் உனக்கு டூட்டி இல்லாத நேரத்தில் அரை மணி, ஜூடி போனில் உனக்கு ஒரு பக்கம் ஆங்கிலத்தில் படிப்பாள், புரிந்ததை ஆங்கிலத்திலேயே சொல்வாள். நீ தப்பைத் திருத்து. சட்டம் உனக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆங்கிலம் தெரிந்தால் போதும், பொறுமை உன்னிடம் இருக்கிறது, ஊசி போடுகிறவளுக்கு இல்லாத பொறுமையா. அவளாகக் கேட்கக் கூச்சப்படுகிறாள், அதனால் நான் எழுதுகிறேன்.

இந்தக் கவரில் இன்னொரு தாள் இருக்கும், வெறும் தாள் என்று எறிந்துவிடாதே. தலைப்பில் அந்த ஒரு வரியை மட்டும் டைப் செய்திருக்கிறேன். மாணவியின் விருப்பப் பிரிவும் காரணமும், மாணவி தன் கையால் எழுத வேண்டும். கீழே ஒன்றும் இல்லை. பதினைந்து வயதில் நீ என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது, உன்னைப் பெற்றவளுக்குத் தெரியவில்லை. எழுதி அனுப்பு. மருத்துவம் என்றே இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி, வரி மேலே ஏறிக்கொண்டே போனாலும் சரி. நடந்ததை இனி மாற்ற முடியாது, ஆனால் உன் சொல் உன் கையெழுத்தில் நம் வீட்டுப் பீரோவில் இருக்க வேண்டும். அந்த ஜெராக்ஸை நான் கிழிக்கவில்லை. இரண்டும் ஒரே கவரில் இருக்கட்டும்.

குளிருக்கு முன்பே நல்ல பூட்ஸ் வாங்கிவிடு, போன வருஷம் மாதிரி நவம்பர் வரை தள்ளாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பாவின் ஆசீர்வாதம், ஜூடியின் அன்பு முத்தம். இதை எழுதி முடித்ததும் அப்பாவிடம் கொடுத்து எனக்குச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னது இதுதான், சரி.

உன் அம்மா,
எ. பரிபூரணம்